கல்லூரி கியூப்சாட்: ஏவுதல் அமெரிக்காவில், உரிமை இந்தியாவில். ஐநா பதிவேட்டில் யார் பதிய வேண்டும்?

மூன்றுயூ எழுதியது:

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஒன்றில் 3யூ கியூப்சாட் (10 செ.மீ. கனச்சதுர அலகுகள் மூன்று சேர்ந்த அளவிலான சிறு செயற்கைக்கோள்) தயாராகிறது. 10×10×34 செ.மீ., எடை 4 கிலோவுக்குள். கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க்கிலிருந்து ஃபால்கன்-9 ரைட்ஷேரில், அதாவது பலர் பகிர்ந்துகொள்ளும் ஏவலில் போகிறது. இடம் பிடித்துக் கொடுத்து டிப்ளாயரும் (கியூப்சாட்டை விண்ணில் வெளியே தள்ளும் பெட்டி) தருவது ஓர் ஐரோப்பிய நிறுவனம். சுமார் 500 கி.மீ. சூரிய ஒத்திசைவுப் பாதை.

விண்ணில் ஏவிய பொருள்களை ஐநாவில் பதிய வேண்டும் என்று தெரியும். அதற்கு மேல் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். ஏவுவது அமெரிக்கா என்பதால் அவர்களே பதிவார்கள் என்கிறார் ஒருவர். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவில் அலைவரிசை பதிந்தாலே போதும் என்கிறார் இன்னொருவர். அமெரிக்க ராணுவத்தின் விண்பொருள் பட்டியல் தளமான ஸ்பேஸ்-டிராக்கில் எண் வந்துவிட்டால் பதிவானதாகத்தான் அர்த்தம் என்று மூன்றாவது கருத்து. எது சரி? பதிவு நம்முடையது என்றால் என்னென்ன விவரம் தர வேண்டும், யாரிடம் தர வேண்டும்? பதிவு எண்ணைச் செயற்கைக்கோள் மேல் பொறிக்க வேண்டுமா? இரண்டு ஆண்டு கழித்து ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் பதிவு என்ன ஆகும்?

---

ஏவுநாடு எழுதியது:

நீங்கள் கேட்ட மூன்று பதில்களுமே தவறு. முதலாவதில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம்.

பதிவு என்பது நாடு செய்யும் செயல். கல்லூரியோ நிறுவனமோ நேரடியாக ஐநாவில் எதையும் பதிய முடியாது. 1975 ஜனவரி 14 அன்று கையெழுத்துக்குத் திறக்கப்பட்டு 1976 செப்டம்பர் 15 முதல் அமலில் இருக்கும் பதிவு உடன்படிக்கைதான் இதற்கு அடிப்படை. இந்தியா 1982இல் அதில் சேர்ந்தது. அமெரிக்கா தொடக்கத்திலிருந்தே உறுப்பு நாடு.

உடன்படிக்கையின் 1ஆம் பிரிவு ‘ஏவும் நாடு’ என்பதை நான்கு வகையாகப் பார்க்கிறது: தானே ஏவும் நாடு, ஏவச் செய்யும் நாடு, எந்த மண்ணிலிருந்து ஏவப்படுகிறதோ அந்த நாடு, எவருடைய ஏவு வசதியிலிருந்து ஏவப்படுகிறதோ அந்த நாடு. உங்கள் விஷயத்தில் அமெரிக்கா ஐயத்துக்கு இடமில்லாமல் ஏவும் நாடு. இந்தியா, ஏவச் செய்யும் நாடு. தனியார் கல்லூரி காசு கொடுத்து இடம் வாங்கினால் அது நாடே வாங்கியதாகுமா என்று சட்டக்காரர்கள் நெடுங்காலமாக வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் சிக்கிக்கொள்ளத் தேவையில்லை. 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவுப்படி தன் நாட்டுத் தனியார் செய்யும் விண்வெளிச் செயலுக்கும் நாடுதான் பன்னாட்டுப் பொறுப்பு. அனுமதி தரவும் தொடர்ந்து கண்காணிக்கவும் கடமைப்பட்டது. எனவே தன் குடிமக்கள் இயக்கும் செயற்கைக்கோளைத் தன் பதிவேட்டில் வைத்துக்கொள்வதே நாடுகளின் வழக்கம்.

ஏவும் நாடுகள் எத்தனை இருந்தாலும் பதிவு செய்வது ஒரே ஒரு நாடு. யார் என்பதை அவை தமக்குள் பேசி முடிவு செய்ய வேண்டும் என்கிறது 2ஆம் பிரிவு. நடைமுறையில் வாடிக்கையாளரின் செயற்கைக்கோளை அதை இயக்கும் நாடு பதிகிறது. ராக்கெட்டின் மேல் அடுக்கு ஏவிய நாட்டின் கணக்கில் போகிறது. அமெரிக்கா, தன் மண்ணிலிருந்து போகும் வெளிநாட்டுச் செயற்கைக்கோள்களைத் தன் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. நம் பக்கமும் இதே கதைதான். 2017 பிப்ரவரி 15 அன்று பிஎஸ்எல்வி-சி37 கொண்டு போன 104 செயற்கைக்கோள்களில் 101 வெளிநாட்டவை. அவற்றைப் பதிவது அந்தந்த நாட்டின் வேலை. நமக்கு கார்ட்டோசாட்-2டி, ஐஎன்எஸ்-1ஏ, ஐஎன்எஸ்-1பி மூன்றும்தான்.

ஆகவே “அமெரிக்கா பதிந்துவிடும்” என்று சும்மா இருந்தால் உங்கள் கியூப்சாட் எந்த நாட்டுப் பதிவேட்டிலும் இல்லாமல் சுற்றும். ரைட்ஷேர் ஏவல்களில் அடிக்கடி நடப்பது இதுதான்: ஏவிய நாடு வாடிக்கையாளரின் நாட்டைப் பார்க்கும், வாடிக்கையாளரின் நாட்டுக்கு ஏவிய விவரமே போய்ச் சேர்ந்திருக்காது, நடுவில் உள்ள தரகு நிறுவனம் தன் வேலை டிப்ளாயர் கதவு திறந்ததோடு முடிந்தது என்று இருக்கும்.

பதியாவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்றால், 1967 ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவைப் படியுங்கள். ஒரு பொருள் எந்த நாட்டின் பதிவேட்டில் இருக்கிறதோ, அந்த நாட்டுக்குத்தான் அதன் மேல் சட்ட அதிகாரமும் கட்டுப்பாடும். பதிவு இல்லையென்றால் அந்த அதிகாரத்தை நிலைநாட்ட ஆதாரம் பலவீனமாகிவிடும். இழப்பீட்டுப் பொறுப்பு மட்டும் பதிவைப் பொறுத்ததல்ல, அது ஏவும் நாடு என்ற தகுதியோடு ஒட்டிக்கொண்டு வருவது. 1972 பொறுப்பு உடன்படிக்கைப்படி தரையிலோ பறக்கும் விமானத்திலோ சேதம் ஏற்பட்டால் குற்றம் யாருடையது என்று பார்க்காமலே பொறுப்பு; விண்ணில் இன்னொரு செயற்கைக்கோளில் மோதினால் தவறு யார் மேல் என்று நிரூபிக்க வேண்டும். இந்தியா பதிந்தாலும் பதியாவிட்டாலும் இந்தப் பொறுப்பு இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கடைசிவரை உண்டு.

ஐடியு வேறு உலகம். அது ஜெனீவாவில், அலைவரிசைக்கு. நம் நாட்டில் அதற்கு வழி தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு. ஐநா பதிவேடு வியன்னாவில், விண்வெளி விவகார அலுவலகமான யூனூசாவின் கையில். ஓரிடத்தில் கொடுத்த தாள் இன்னோரிடத்துக்குத் தானாகப் போகாது. ஸ்பேஸ்-டிராக் எண் என்பது அமெரிக்க ராணுவம் தன் ரேடாரில் பார்த்த பொருளுக்குத் தரும் பட்டியல் எண். உடைந்த துண்டுக்கும் அந்த எண் உண்டு. அதற்கும் சட்டப் பதிவுக்கும் தொடர்பில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: ஏவலுக்கு முன்பே, தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸின் அனுமதி. வெளிநாட்டில் ஏவினாலும் இயக்குவது இந்திய நிறுவனம் என்றால் இது வேண்டும். 2023 இந்திய விண்வெளிக் கொள்கையும், இன்-ஸ்பேஸ் 2024 மே மாதம் வெளியிட்ட நெறிமுறைகளும் இதைப் பற்றிப் பேசுகின்றன. ஏவிய பின் விவரங்களை இன்-ஸ்பேஸுக்குக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து விண்வெளித் துறை, வெளியுறவு அமைச்சகம், வியன்னாவில் உள்ள இந்திய நிரந்தரத் தூதரகம், அதன் குறிப்பாணை (அரசுமுறைக் கடிதம்) வழியாக யூனூசா. ஆர்வத்தில் நேராக யூனூசாவுக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பயனில்லை; அரசு வழியாக வந்தால்தான் பதிவாகும்.

ஏவு ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: இந்தச் செயற்கைக்கோளுக்குப் பதிவு நாடு இந்தியா. அந்த ஐரோப்பியத் தரகு நிறுவனத்தின் நாடும் தன்னை ஏவச் செய்த நாடாகக் கருதக்கூடும் என்பதால் இந்த வரி முக்கியம். பெயரிலும் கவனம் வேண்டும். ஐடியு விண்ணப்பத்தில் ஒரு பெயர், இன்-ஸ்பேஸ் கடிதத்தில் இன்னொன்று, ராக்கெட் பட்டியலில் சுருக்கப் பெயர் என்று இருந்தால், ஆறு மாதம் கழித்து மூன்றும் ஒரே பொருள்தான் என்று கடிதம் எழுதிக் காட்ட வேண்டிவரும்.

---

கெப்ளர்வட்டம் எழுதியது:

சட்டப் பக்கம் மேலே தெளிவாக வந்துவிட்டது. விவரத்தாளை எப்படி நிரப்புவது என்று பார்ப்போம். தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான்.

பதிவு உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு கட்டாயமாகக் கேட்பது ஐந்து: ஏவும் நாடு அல்லது நாடுகளின் பெயர், பொருளின் அடையாளக் குறி அல்லது பதிவு எண், ஏவிய தேதியும் இடமும், அடிப்படைப் பாதை அளவுகள் நான்கு, அதாவது கணு சுற்றுக்காலம், சாய்வு, அப்போஜி (பாதையின் உச்ச உயரம்), பெரிஜி (மிகத் தாழ்ந்த உயரம்), கடைசியாகப் பொதுவான பணி. எந்த அலகில் தர வேண்டும் என்று உடன்படிக்கை சொல்லவில்லை. ஒரு நாடு மைலில் தரும், இன்னொன்று உள்ளூர் நேரத்தில் தேதி போடும் என்று நெடுநாள் இருந்தது. 2007 டிசம்பரில் ஐநா பொதுச்சபை 62/101 தீர்மானத்தில் ஒரே மாதிரியாகத் தரச் சொல்லிப் பரிந்துரைத்தது: நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்), தூரம் கிலோமீட்டர், சுற்றுக்காலம் நிமிடம், சாய்வு டிகிரி, அடையாளத்துக்கு கோஸ்பார் குறி, அதாவது ஒவ்வொரு விண்பொருளுக்கும் தரப்படும் பன்னாட்டு அடையாளம். யூனூசாவின் மாதிரிப் படிவம் இதை ஒட்டியது. அதில் ஏ பகுதி கட்டாய விவரம், பி பகுதி நிலை மாற்றம் போன்ற கூடுதல் விவரம், சி பகுதி மேற்பார்வை கைமாறினால், டி பகுதி விருப்பப்பட்டுத் தருவது.

முதலில் தேதி. இந்திய நேரம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. 2022 அக்டோபர் 23 அதிகாலை 12:07க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்-3 ஒன்வெப்பின் 36 செயற்கைக்கோள்களோடு கிளம்பியது. செய்தித்தாளில் 23. யுடிசியில் அது 22ஆம் தேதி 18:37. இங்கே 23 என்று எழுதினால் கோஸ்பார் பட்டியலோடு பொருந்தாது. வாண்டன்பர்க்கில் ஏறும் உங்கள் கியூப்சாட்டுக்கு இது திரும்பிய திசையில் நடக்கும்: கலிஃபோர்னியாவில் மாலை, யுடிசியில் மறுநாள்.

அடுத்து கோஸ்பார் குறி. ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது ஏவல், பிறகு எழுத்து. எழுத்துகளில் ஐ, ஓ இரண்டும் விடப்பட்டிருக்கும், ஒன்று பூஜ்ஜியம் என்று குழம்பிவிடக் கூடாது என்பதற்காக. ஆகவே ஒற்றை எழுத்து 24தான், அதற்குப் பிறகு இரட்டை எழுத்து. உங்கள் குறியில் ஓ இருப்பதாக யாராவது தட்டச்சு செய்து கொடுத்தால் திருப்பி அனுப்புங்கள்.

இந்தக் குறி எப்போது உறுதியாகும் என்பதுதான் உண்மையான தலைவலி. நூற்றுக்கு மேற்பட்ட கியூப்சாட்கள் சில நிமிட இடைவெளியில் கொட்டப்படுகின்றன. முதல் வாரங்களில் ரேடார் பட்டியலில் எல்லாம் ‘ஆப்ஜெக்ட்’ என்ற பெயரில் எழுத்து வரிசையோடு மட்டும் இருக்கும். எது உங்களுடையது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் செயற்கைக்கோளின் பீக்கன் (அடையாள வானொலி) சமிக்ஞையின் டாப்ளர் நகர்வை, அதாவது வேகத்தால் அலைவரிசை மாறுவதை எடுத்து, ஒவ்வொரு பொருளின் டிஎல்இயோடும் (இரண்டு வரிப் பாதைத் தரவு) பொருத்திப் பாருங்கள். எதன் கணிப்போடு வளைவு ஒட்டுகிறதோ அதுதான் நம்முடையது. ஜிபிஎஸ் ரிசீவர் இருந்தால் வேலை எளிது: இருப்பிடமும் திசைவேகமும் சேர்ந்த தரவை நேராக ஸ்பேஸ்-டிராக்குக்கு அனுப்பலாம். ஏவலுக்கு முன்பே அங்கே கணக்கு திறந்து, தொடர்பு எண், செயற்கைக்கோள் அளவு, பிரியும் நேரம் எல்லாம் கொடுத்து வையுங்கள். பக்கத்துக் கியூப்சாட்டின் குறியைத் தவறாக எடுத்துக்கொண்டு ஐநாவுக்கு அனுப்பினால் திருத்தக் குறிப்பாணை போக வேண்டும், அது மறுபடி அதே நீண்ட வரிசை. அவசரப்படாமல் மூன்று நான்கு வாரம் காத்திருந்து, டாப்ளர் பல கடவைகளில் ஒரே பொருளைக் காட்டிய பின் அனுப்புவதே நல்லது. உடன்படிக்கை ‘நடைமுறையில் இயன்ற விரைவில்’ என்று மட்டும்தான் சொல்கிறது, நாள் கணக்கு இல்லை. ஆனால் அனுமதிக் கடிதத்தில் உங்களுக்கென்று காலக்கெடு இருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

பாதை அளவுகளுக்குக் கணக்கு. டிஎல்இயின் இரண்டாம் வரியில் ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்ற எண் இருக்கும். 15.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1440ஐ 15.2ஆல் வகுத்தால் 94.74 நிமிடம், இது சுற்றுக்காலம். அதிலிருந்து அரைப் பேரச்சு (பூமியின் மையத்திலிருந்து பாதையின் சராசரித் தூரம்): புவியின் ஈர்ப்பு மாறிலி 3,98,600 கி.மீ.³/விநாடி². காலத்தை விநாடியாக்கி 2πஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, அந்த மாறிலியால் பெருக்கி, கனமூலம் எடுத்தால் சுமார் 6,884 கி.மீ. மைய விலக்கம் (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) 0.001 என்றால் அப்போஜி 6,884 × 1.001, அதாவது 6,891. பூமியின் ஆரம் 6,378ஐக் கழித்தால் 513 கி.மீ. பெரிஜி அதேபோல் 499 கி.மீ. அந்த 6,378ஐக் கழிக்க மறந்து அப்போஜி 6,891 கி.மீ. என்று எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. படித்துப் பார்க்கிற அதிகாரி விண்வெளிப் பொறியாளராக இருக்க மாட்டார், அப்படியே போய்விடும்.

சரியாகச் சொன்னால் கணு சுற்றுக்காலம் என்பது ஒரு ஏறு கணுவிலிருந்து (தெற்கிலிருந்து வடக்காக நிலநடுக்கோட்டைக் கடக்கும் புள்ளி) அடுத்த ஏறு கணுவரை. பூமி துருவத்தில் தட்டையாக இருப்பதால் மேலே சொன்ன கணக்கிலிருந்து அது சில விநாடிகள் மாறும். பதிவேட்டின் தேவைக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. எந்தத் தேதியின் பாதை என்று ஓரத்தில் குறித்து வையுங்கள்; 500 கி.மீ.யில் காற்றின் இழுவையால் உயரம் மாதத்துக்கு மாதம் இறங்கும்.

பணி என்ற இடத்தில் “ஆராய்ச்சி” என்று ஒற்றைச் சொல் போட்டால் சட்டப்படி குறையில்லை. ஆனால் எதற்காகப் பதிவேடு என்று யோசித்தால் அது போதாது. “கல்வி, 3யூ கியூப்சாட், கடலோர நீர் நிறத்தைப் படமெடுக்கும் கேமரா, உந்துவிசை இல்லை” என்று எழுதினால், உங்கள் பாதையை நெருங்கும் இன்னொரு நாட்டுக்காரருக்கு இது விலகாது, நாம்தான் விலக வேண்டும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

---

மூன்றுயூ எழுதியது:

மிக்க நன்றி சார், இருவருக்கும். இரண்டு துணைக் கேள்விகள். தரகு நிறுவனம் இப்போது, நேரடி டிப்ளாயருக்குப் பதில் தங்கள் சுற்றுப்பாதை இழுவைக்கலத்தில் (செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்று விண்ணில் விடும் சிறு கலம்) வைத்து மூன்று வாரம் கழித்து விடலாமா என்று கேட்கிறது. அப்படியானால் ஏவிய தேதி எது? ஏவல் தோல்வியடைந்தால் பதிய வேண்டுமா?

---

ஏவுநாடு எழுதியது:

ஏவிய தேதி ராக்கெட் கிளம்பிய தேதிதான். பிரிந்த தேதியைக் குறிப்புப் பகுதியில் தனியே போடுங்கள். இழுவைக்கலம் தனிப்பொருள், அதை இயக்கும் நிறுவனத்தின் நாடு பதியும். உங்களுக்கு அதே ஏவலின் குறியில் அடுத்த எழுத்து வரும். மூன்று வாரத்துக்குள் இழுவைக்கலம் செயலிழந்து உங்கள் கியூப்சாட் உள்ளேயே மாட்டிக்கொண்டால், பிரியாத பொருளுக்குத் தனி கோஸ்பார் குறி கிடைக்காது. அப்போது அதைப் பற்றிய தகவலை இன்-ஸ்பேஸுக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பிஎஸ்எல்வியின் நான்காம் அடுக்கான போயமில் பொருத்தியபடியே இயங்கும் கருவிகளும் இப்படித்தான்: பிரிவதில்லை, ஆகவே தனித்தனியாகப் பதிவதில்லை.

தோல்வி பற்றி: கடமை எழுவது பொருள் ‘புவியின் சுற்றுப்பாதைக்கோ அதற்கு அப்பாலோ’ ஏவப்படும்போது. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்எஸ்எல்வி-டி1, 356 கி.மீ. வட்டப் பாதைக்குப் பதில் 356க்கு 76 கி.மீ. என்ற நீள்வட்டத்தில் விட்டது. இஓஎஸ்-02வும், சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியாவின் ஆசாதிசாட்டும் அதில் இருந்தன. 76 கி.மீ. என்பது அடர்ந்த காற்று. ஒரு சுற்றுகூடத் தாங்காது. சுற்றுப்பாதையில் நிலைக்காத பொருளுக்குப் பதிவேட்டில் எழுத ஒன்றுமில்லை என்பது என் கணிப்பு. 2023 பிப்ரவரி 10 அன்று எஸ்எஸ்எல்வி-டி2 ஆசாதிசாட்-2ஐ 450 கி.மீ.யில் சரியாக விட்டது. அங்கே கடமை முழுதாக வந்துவிடும்.

எண் பொறிப்பது கட்டாயமல்ல. பதிவு உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு, அடையாளக் குறியைப் பொருளின் மேல் எழுதியிருந்தால் அந்தத் தகவலையும் ஐநாவுக்குச் சொல் என்கிறது, அவ்வளவுதான். கோஸ்பார் குறியோ ஏவிய பிறகுதான் வரும். பொறிக்க விரும்பினால் கல்லூரி பெயரும் நாட்டின் பெயரும் போதும். அதையும் டிப்ளாயரில் உரசும் தண்டவாளப் பகுதியில் செய்யாதீர்கள். அனோடைஸ் பூச்சு கெட்டால் பொருத்தச் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

விற்பனை பற்றிக் கொஞ்சம் விரிவாக. பதிவு நாடாக இருக்க ஏவும் நாடாக இருந்தே ஆக வேண்டும். ஆகவே வாங்குபவரின் நாடு உங்கள் ஏவலில் சம்பந்தப்படாதது என்றால், உடன்படிக்கைப்படி அந்த நாட்டுக்குப் பதிவை மாற்ற வழியில்லை. இன்டல்சாட்டிலிருந்து பிரிந்த நியூ ஸ்கைஸ் நிறுவனத்துக்கு, ஏற்கெனவே விண்ணில் இருந்த செயற்கைக்கோள்கள் கைமாறியபோது நெதர்லாந்துக்கு இந்தச் சிக்கல் வந்தது. 2003இல் அது ஐநாவுக்கு எழுதிய நிலைப்பாடு: நாங்கள் ஏவும் நாடல்ல, ஆனால் 1967 ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவின் பொறுப்பும் 8ஆம் பிரிவின் அதிகாரமும் கட்டுப்பாடும் எங்களுடையவை. ஹாங்காங் கைமாறிய 1997இல் வேறு மாதிரி நடந்தது. ஏசியாசாட்-1, ஏசியாசாட்-2 போன்றவை பிரிட்டனின் பதிவேட்டிலிருந்து நீங்கிச் சீனாவின் பதிவேட்டுக்குப் போயின. அவற்றை ஏவியதே சீனா என்பதால் அங்கே தடை இல்லை.

உங்கள் விஷயத்தில் பதிவு இந்தியாவிலேயே இருக்கும். கைமாறிய தேதி, புதிய இயக்குநர் யார் என்பவை படிவத்தின் சி பகுதியில் போகும். விற்பதற்கும் முன் அனுமதி வேண்டும். இந்தியா கடைசிவரை இழப்பீட்டுப் பொறுப்பில் இருப்பதால் வாங்குபவரிடமிருந்து ஈட்டுறுதி கேட்பார்கள். விலை பேசும்போதே இதை மேசையில் வையுங்கள்.

---

மேலடுக்கு எழுதியது:

ராக்கெட் அடுக்கு “ஏவிய நாட்டின் கணக்கில் போகிறது” என்று ஏவுநாடு ஒரே வரியில் கடந்துவிட்டார். அதை ஏற்க முடியாது, ஏனென்றால் பல நாடுகள் அதைச் செய்வதே இல்லை. 1ஆம் பிரிவின் வரையறையில் ‘விண்பொருள்’ என்பது அதன் உறுப்புகளையும், ஏவுகலத்தையும், ஏவுகலத்தின் உறுப்புகளையும் சேர்த்தது. அமெரிக்கா தன் அறிக்கைகளில் எரிந்து முடிந்த பூஸ்டர்கள், மேல் அடுக்குகள், மூடிகள் என்று தனி வகையே வைத்துப் பதிகிறது. பிரான்ஸ் ஆரியான் அடுக்குகளைப் பதிகிறது. செயற்கைக்கோளை மட்டும் பதிந்துவிட்டு, பக்கத்திலேயே சுற்றும் ஒன்றிரண்டு டன் காலி அடுக்கை விட்டுவிடும் நாடுகளும் உண்டு. மோதல் ஆபத்தில் கனமான பங்கு இந்த அடுக்குகளுடையது. விண்ணில் கட்டுப்பாடின்றித் திரியும் அதைத்தான் முதலில் பதிய வேண்டும்.

சுற்றுப்பாதையை எட்டாத அடுக்கு வேறு விஷயம். 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் பெரிய உருளை ஒன்று ஒதுங்கியது. பெரும்பாலும் பிஎஸ்எல்வியின் மூன்றாம் அடுக்கு என்று ஆஸ்திரேலிய விண்வெளி முகமை அறிவித்தது. மூன்றாம் அடுக்கு சுற்றுப்பாதைக்குப் போவதில்லை, கடலில் விழும். அதனால் பதிவுக் கடமை இல்லை. ஆனால் அது விண்பொருள்தான். 1968 மீட்பு ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவும் 1972 பொறுப்பு உடன்படிக்கையும் பொருந்தும். பதிவேட்டில் இல்லாத பொருளுக்கும் சொந்தக்காரர் உண்டு.

இன்னொரு விடுபடல்: பொருள் விழுந்த பிறகு சொல்வது. 4ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, சுற்றுப்பாதையில் இருந்த பொருள் இப்போது இல்லை என்றால் அதையும் தெரிவிக்கச் சொல்கிறது. 2024 ஜனவரி 1 அன்று எக்ஸ்போசாட்டோடு போன பிஎஸ்எல்வி-சி58இன் நான்காம் அடுக்கை 650 கி.மீ.யிலிருந்து 350க்கு இறக்கி போயம்-3ஆக இயக்கினார்கள். மார்ச் 21 அன்று அது காற்று மண்டலத்தில் நுழைந்தது. இப்படி நாள் குறிப்பிட்டுச் சொல்லக்கூடியவற்றைச் சொல்லிவிட வேண்டும். கல்லூரிக் குழுக்களில் மாணவர்கள் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். நாலைந்து ஆண்டு கழித்துக் கியூப்சாட் எரியும்போது அந்தத் தேதியை அனுப்ப ஆள் இருக்காது. துறைத்தலைவர் பதவிக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்து, அதையே இன்-ஸ்பேஸிலும் ஸ்பேஸ்-டிராக்கிலும் கொடுங்கள். தனி மாணவர் முகவரி வேண்டாம்.

---

ஏவுநாடு எழுதியது:

மேலடுக்கு சொன்ன திருத்தம் நியாயமானது. வரையறை தெளிவு, நடைமுறைதான் நாட்டுக்கு நாடு வேறு.

---

வடமராட்சி_வான் எழுதியது:

இலங்கையில இருந்து கேக்கிறன். எங்கட ராவணா-1 செய்மதி மாதிரிப் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில இருந்து விடுற செய்மதிகளுக்கு இந்தக் கணக்கு எப்பிடி? நாடு பதிவு உடன்படிக்கையில சேராட்டியும் பதியேலுமோ? இன்னொரு செய்மதியில டிரான்ஸ்பொண்டர் குத்தகைக்கு எடுத்துப் பெயர் வைச்சாலும் பதிவு எங்களுக்கு வருமோ?

---

கெப்ளர்வட்டம் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில்: வராது. குத்தகை என்பது வணிக உரிமை. ஏவியதும் இல்லை, ஏவச் செய்ததும் இல்லை. பெயர்ப்பலகை எதுவானாலும் பதிவு மாறாது.

சேராத நாடும் பதியலாம். 1961 டிசம்பரில் ஐநா பொதுச்சபை நிறைவேற்றிய 1721 பி தீர்மானம் இதற்கென்றே இருக்கிறது. உடன்படிக்கை வருவதற்கு முன் எல்லா நாடுகளும் அந்த வழியில்தான் தகவல் கொடுத்தன. படிவம் ஒன்றே. யூனூசா அதை வேறு ஆவண வரிசையில் வெளியிடும், இணையத் தேடலில் இரண்டும் சேர்ந்தே வரும்.

நிலையத்திலிருந்து விடும் செய்மதிகளில் ஒரு கண்ணி இருக்கிறது. நிலையத்தின் முதல் கூறான சார்யா 1998 நவம்பர் 20 அன்று ஏவப்பட்டது. நிலையத்திலிருந்து விடப்படும் இத்தகைய செய்மதிகள் 1998-067 என்ற அதே குறியில் அடுத்தடுத்த எழுத்துகளைப் பெறுகின்றன. அதனால் பட்டியலில் ஏவிய தேதி என்ற இடத்தில் 1998 நவம்பர் 20 என்றே வரும். அதை அப்படியே எடுத்துப் படிவத்தில் போட்டால் செய்மதி பிறப்பதற்கு இருபது ஆண்டு முன்பே ஏவியதாக ஆகிவிடும். ராவணா-1 ஏறிய சிக்னஸ் சரக்குக் கலம் 2019 ஏப்ரல் 17 அன்று வர்ஜீனியாவின் வாலப்ஸிலிருந்து கிளம்பியது. ஜப்பானின் கிபோ கூறிலிருந்து செய்மதி விடப்பட்டது ஜூன் 17. ஏவிய தேதி, இடம் என்ற கட்டங்களில் முதலாவதையும் வாலப்ஸையும் போட்டு, “கிபோவிலிருந்து விடுவிப்பு” என்று இரண்டாவதைக் குறிப்பில் சேர்க்க வேண்டும். பாதை அளவுகள் விடுவித்த பிறகு உள்ளவை.

ஏவும் நாடுகளின் பட்டியலில் அமெரிக்கா கட்டாயம் வரும். ஜப்பானின் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த செய்மதி என்றால் ஜப்பானோடும் எழுத்தில் பேசி, ஒரு நாடு மட்டும் பதிவதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே நிகழ்வில் பல நாடுகளின் செய்மதிகள் அடுத்தடுத்து விடப்படும்போது ஒவ்வொன்றும் தனிப் பதிவாகத்தான் போக வேண்டும். 62/101 தீர்மானமும் கூட்டு ஏவல்களில் அதைத்தான் பரிந்துரைக்கிறது.